பழைய பாய்மரப் படகு: பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்



"குடும்பத்தோடு கடலோடப் பழைய பாய்மரப் படகு வாங்குவது அறிவுடைமையா?" என்பது இன்றைய மன்றத்தின் கேள்வி. கேட்டதும் பலர் புன்னகைக்கலாம். படகு என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பது பலரின் எண்ணம். ஆனால் லங்காவியின் படகுத்துறைகளில் ஒரு மாலைப்பொழுது நடந்து பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி தெரியும். இருபத்தைந்து, முப்பது ஆண்டு கடலோடிய படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சிலவற்றின் கம்பியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை தொங்கும். அவற்றுள் சிலவற்றின் விலை ஒரு புதிய காரின் விலைகூட வராது.

இவ்வளவு படகுகள் அங்கே விலைக்கு வரக் காரணம் உண்டு. ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் புறப்படுகிறவர்கள் பல ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு மலாக்கா நீரிணைக்கு வந்து சேர்கிறார்கள். அடுத்து இந்தியப் பெருங்கடலைக் கடக்க வேண்டும். வயதாகிவிட்டது, உடல் முடியவில்லை, பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள் என்று பலர் அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். 2008 முதல் 2012 வரை சோமாலியக் கடற்கொள்ளையர்களுக்கு அஞ்சி நின்றவர்களும் உண்டு. 2020இல் பெருந்தொற்று வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, சொந்த ஊருக்குப் போனவர்கள் படகுக்குத் திரும்ப முடியாமல் போனதும் உண்டு. லங்காவி 1987 முதல் வரிவிலக்குத் தீவாக இருந்து வருவதால் படகுகளுக்கு அது வசதியான தங்குமிடமாயிற்று.

கடலோடும் ஆசையும் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1999ஆம் ஆண்டு டத்தோ அஸார் மன்சோர் லங்காவியிலிருந்து 'ஜாலோர் கெமிலாங்' என்ற படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி அதே தீவுக்குத் திரும்பினார். நாடே அவரைக் கொண்டாடியது. ஆனால் ஒருவர் தனியாகச் செய்யும் சாகசம் வேறு. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகும் பயணம் வேறு. முன்னதில் துணிவு முதலில் நிற்கும். பின்னதில் பொறுப்பு முதலில் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு கடலில் தொடங்குவதில்லை. படகுக்கு விலை பேசும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வரலாறு

பழைய படகு வாங்குகிறவர் மரத்தையும் பாயையும் மட்டும் வாங்குவதில்லை. முன்பிருந்தவர் செய்த பராமரிப்பையும், செய்யாமல் விட்ட பராமரிப்பையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த வரலாறு மேல்தளத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்காது. நீர்மட்டத்துக்குக் கீழே, பலகைக்குப் பின்னே மறைந்திருக்கும்.

2014ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு துயரம் இதை உலகுக்கு உணர்த்தியது. 'சீக்கி ரஃபீக்கி' என்ற படகு கரீபியத் தீவான அன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுமார் 12 மீட்டர் நீளம். வயது எட்டு ஆண்டுகள்தான். நடு அட்லாண்டிக்கில் அதன் கீல் கழன்று விழுந்தது. கீல் என்பது படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்தப்படும் கனமான எடைக்கட்டை. அது போனதும் படகு கவிழ்ந்தது. நான்கு மாலுமிகளும் மாண்டனர். பின்னர் அமெரிக்கக் கடற்படை கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தபோது, உயிர்காப்பு மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அந்தப் படகு முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அடிக்கட்டுமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று கூறியது. மேலே நின்று பார்த்த எவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

எதை, யார் சோதிப்பது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். படகு தானமாக வருவதில்லை. ஆகவே பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கென்றே படகுச் சோதனை வல்லுநர்கள் இருக்கிறார்கள். 'சர்வேயர்' என்று அழைப்பார்கள். அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் வாங்குகிறவராக இருக்க வேண்டும். விற்பவரோ தரகரோ கொண்டுவந்து நிறுத்தும் ஆளை நம்பக் கூடாது. முன்பணமாக வழக்கத்தில் பத்து விழுக்காடு கொடுப்பார்கள். 'சோதனையும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன். இல்லையேல் பணம் திரும்ப வேண்டும்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையேற்றிப் பார்க்காத சோதனை, சோதனையே அல்ல. சர்வேயர் சிறிய சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போவார். 'ணங்' என்ற ஓசை நல்லது. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஃபைபர்கிளாஸ் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது மேல்தளத்தின் உள்மரம் ஊறி மக்கியிருக்கலாம். கீல் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் அல்லது துருநீர்க் கசிவு தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும். 'எப்போதாவது தரைதட்டியதா? யார் பழுதுபார்த்தார்?' என்று கேட்க வேண்டும். பழுதுபார்த்த ரசீதுகள் இருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்தது, பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள். இவை துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். ஆனால் உப்புநீர் தேங்கிக் காற்றுப் படாத இடுக்கில் அந்த எஃகும் அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பட்டை, தளத்துக்குள் புதைந்த இடத்தில் பாதியாகத் தேய்ந்திருக்கும். ஒரு கம்பி அறுந்தால் மரமே சாயக்கூடும். பத்து, பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றச் சொல்லும் காப்புறுதி நிறுவனங்கள் பல உண்டு. கம்பி எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பிப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் வருவதற்கு முன்பே அது சூடாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது இயந்திரத்துக்குச் சுமை அதிகம். படகின் உடலில் கடல்நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் உள்ள அடைப்பானைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். இறுகிப்போன அடைப்பானோடு கடலுக்குப் போவது, மூட முடியாத கதவோடு வீட்டைவிட்டுப் போவது போன்றது.

யானையும் தீனியும்

யானையை வாங்கிவிடலாம், தீனி போட முடியுமா என்பதே கேள்வி. ஒரு குடும்பத்திடம் மூன்று லட்சம் வெள்ளி சேமிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று லட்சத்துக்குப் படகு வாங்குவது பெரும் தவறு. இரண்டு லட்சத்துக்குள் படகு. மீதி ஒரு லட்சம் பழுதுபார்க்கவும், பாதுகாப்புக் கருவிகளுக்கும், எதிர்பாராத செலவுக்கும். அதன் பிறகும் ஆண்டுதோறும் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கு வேண்டும் என்பது கடலோடிகள் வாய்க்கணக்காகச் சொல்லும் அளவு. படகு பழையதாக இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம்.

நீளத்திலும் ஆசை கூடாது. நீளம் கூடக்கூடக் கட்டுத்துறை வாடகை, பாய், சாயம், கம்பி எல்லாம் கூடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 35 முதல் 42 அடி வரை போதும். இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரன்' இடவசதி மிக்கது, அதிகம் சாயாது, ஆனால் விலையும் வாடகையும் கூடுதல். அதன் பெயர் தமிழின் 'கட்டுமரம்'தான். ஆனால் இன்றைய இரட்டை உடல் வடிவம் பசிபிக் தீவு மக்களின் கைவண்ணம்.

பத்திரங்களிலும் கவனம் வேண்டும். பல படகுகள் வெளிநாட்டுக் கொடியின்கீழ் பதிவானவை. பதிவுச் சான்றிதழிலுள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, பழைய பதிவு நீக்கப்படுமா, கட்டுத்துறை வாடகை பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். கடல் சட்டத்தில் சில வகைக் கடன்கள் மனிதரைத் தொடர்வதில்லை, படகையே தொடரும். பழைய சொந்தக்காரர் வைத்த கடனுக்காகப் புதிய சொந்தக்காரரின் படகு தடுத்து வைக்கப்படலாம். லங்காவியிலிருந்து பெருநிலத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால், வரி நிலவரத்தைச் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது தலைவலியைக் குறைக்கும்.

ஆறு உயிர்கள், முப்பத்தெட்டு நாட்கள்

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடல் கடல்தான். இங்கிலாந்தில் பால்பண்ணை நடத்தி வந்த டூகல் ராபர்ட்சன் பண்ணையை விற்று 'லூசெட்' என்ற பழைய படகை வாங்கினார். 1922இல் கட்டப்பட்ட, 43 அடி மரப்படகு அது. 1971 ஜனவரியில் மனைவி மக்களோடு ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். 1972 ஜூன் 15ஆம் நாள், கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைகாரத் திமிங்கிலங்கள் மோதிப் படகின் அடிப்பாகத்தை உடைத்தன. சில நிமிடங்களுக்குள் படகு மூழ்கியது.

பெற்றோர், மூன்று மகன்கள், வழியில் சேர்ந்துகொண்ட ஓர் இளைஞர் என ஆறு பேர். அவர்களிடம் இருந்தது ஓர் உயிர்காப்பு மிதவையும் ஒரு சிறு ஓடமும்தான். மிதவை பாதி வழியில் பயனற்றுப் போனது. பிறகு ஆறு பேரும் அந்தச் சிறு ஓடத்திலேயே அடைந்து கிடந்தார்கள். மழைநீரும் கடலாமையும் அவர்களைக் காத்தன. முப்பத்தெட்டாம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைக் கண்டு மீட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள்.

இதிலிருந்து கடலுக்கே போகக் கூடாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. படகு போனாலும் உயிர் பிழைக்க வழி இருக்க வேண்டும் என்பதே பாடம். அன்று இல்லாத வசதிகள் இன்று உண்டு. செயற்கைக்கோள் வழி அபாயக் குறி அனுப்பும் கருவி அவற்றில் ஒன்று. ஆனால் பழைய படகில் பழைய கருவி கிடக்கும். 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் நாளோடு நிறுத்திவிட்டன. இன்று 406 மெகாஹெர்ட்ஸ் கருவியே பயன்படும். அதையும் புதிய சொந்தக்காரர் தம் பெயரில் பதிவு செய்தாக வேண்டும். உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது திறந்து சோதிக்கப்பட்டது என்ற சீட்டையும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் எடைக்கேற்ற மிதவை அங்கிகளைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர் சொல்லட்டும்

கடைசியாக ஒரு சோதனை உண்டு. அதைச் சர்வேயர் செய்ய முடியாது. கடலோட்டத்துக்கு அப்பா மட்டும் போய் வந்து கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அம்மாவும் பிள்ளைகளும் அந்தப் படகில் ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும். படகு சாய்ந்து ஓடும்போது அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்க முடிகிறதா? தலைசுற்றல் யாருக்கு வருகிறது? அப்பா தவறி நீரில் விழுந்தால் பாயை இறக்கிப் படகைத் திருப்பி அவரைத் தூக்கக் கூடியவர் படகில் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், அம்மாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் படகோட்டப் பயிற்சி தரும்வரை பயணம் காத்திருக்கலாம்.

முதல் பயணம் பெருங்கடலுக்கு வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவிக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். பகலில் தீவுக்குத் தீவு போய் நங்கூரமிடலாம். பழகிய பிறகு பினாங்குக்கு வரலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று, பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முன்னும் திடீரென்று வீசும். அதை எதிர்கொள்ளப் பாயைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நேயர்களே, பழைய படகு வாங்குவது அறிவுடைமையா என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஆசைப்பட்டு வாங்கினால் அறிவுடைமை அல்ல. ஆராய்ந்து வாங்கினால் அறிவுடைமை. ஆராய்ந்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்லித் திரும்பி வரும் துணிவும் வேண்டும். சர்வேயருக்குக் கொடுத்த சில ஆயிரம் வெள்ளி அப்போது வீண்போனதாகத் தோன்றலாம். உண்மையில் அந்தக் குடும்பம் செலவழித்த பணத்தில் அதைவிட நல்ல செலவு இல்லை.