அறுபத்தாறுக்கு அறுபத்தைந்து



விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தபோது சற்றே தயங்கினேன். திருநாள் மேடையில் இலக்கியமும் அறநூலும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். நானோ முப்பதாண்டுக் காலம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியை. ஆயினும் நெடுநாளாக என் மனத்தில் ஒரு கடன் நிலுவையில் இருக்கிறது. அதைத் தீர்க்க இம்மேடை வாய்த்தது என்று எண்ணி ஒப்புக்கொண்டேன்.

என்னிடம் கூடைப்பந்து பயின்ற பெண்களுள் மிகச் சிறந்தவர்கள் பலர், பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியதும் பந்தைக் கீழே வைத்தவர்கள். "எத்தனை நாளைக்கு விளையாட முடியும், டீச்சர்? அதற்கப்புறம் என்ன?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆட்டக்காரரின் ஆயுள் குறுகியது; முப்பத்தைந்து வயதில் முழங்கால் விடைபெற்றுக்கொள்ளும். அன்று அவர்களுக்கு நான் தக்க மறுமொழி கூறியதில்லை. இன்று ஓர் அம்மையாரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்கிறேன். பெயர் டான் ஸ்டேலி. அமெரிக்க நாட்டவர்; தேர்ந்த ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரானவர்.

1970ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில், ஐந்து பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நகரின் வடபகுதியில், எளியோர்க்காக அரசு கட்டிய அடுக்குக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பெண். தெரு மைதானத்தில் ஆண்பிள்ளைகளோடு ஆடி ஆட்டம் கற்றார். உயரம் ஐந்தரை அடி. நம் வீட்டுப் பெண்களுக்கு அது நல்ல உயரம். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் நடமாடும் கூடைப்பந்துக் களத்திலோ அது குள்ளம்.

கூடைப்பந்து அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஐவர் ஆடுவர். அவர்களுள் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவரைப் பாயிண்ட் கார்டு என்பர். புள்ளி பெரும்பாலும் மற்றவர் கணக்கில் ஏறும். அதற்குரிய வழியைக் கண்டவர் இவராக இருப்பார். ஸ்டேலி அந்த இடத்தில் ஆடியவர். ஆடும்போதே அவர் பாதிப் பயிற்றுநர் என்பது என் எண்ணம்.

1988இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம் கல்லூரி விளையாட்டு விழா போன்றதன்று. பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பார்கள். நாடெங்கிலுமிருந்து வரும் அணிகள் மோதி, கடைசியில் நான்கு அணிகள் எஞ்சும். 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகளும் அந்த நான்கனுள் ஒன்றாகத் தம் அணியைக் கொண்டு சேர்த்தார் ஸ்டேலி. மூன்று முறையும் கோப்பை கிட்டவில்லை. முதலாண்டு அரையிறுதியில் ஸ்டான்போர்டு அணியிடம் தோல்வி. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டம், கூடுதல் நேரம் வரை நீண்டு, டென்னசி அணியிடம் 70–67 என்ற கணக்கில் கைவிட்டுப் போயிற்று. அந்தச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைத் தோற்ற அணியின் ஸ்டேலிக்கே அளித்தார்கள். தோற்ற கையோடு அந்த விருதை வாங்கிக்கொள்வது எப்படியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மூன்றாம் ஆண்டு மீண்டும் அரையிறுதி, மீண்டும் ஸ்டான்போர்டு. ஒரே புள்ளியில் தோல்வி: 66–65. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று இருமுறை பெயர் பெற்றும், 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. பட்டம் பெற்று வெளியே வந்தபோது, பெண்கள் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆட அமெரிக்காவில் ஒரு லீக் கூட இல்லை. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று ஊர் ஊராகச் சென்று ஆடினார். மொழி தெரியாத ஊரில் பிழைப்புக்காகப் பந்து ஆடிய ஆண்டுகள் அவை. பிற்காலத்தில் அவர் அடைந்த புகழை மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கா ஓர் அணியை ஓராண்டு முன்னதாகவே திரட்டி உலகெங்கும் ஆட அனுப்பியது. அதில் ஸ்டேலியும் இருந்தார். அந்த அணிக்குப் பயிற்றுநர் யார் தெரியுமா? ஸ்டான்போர்டு அணியின் பயிற்றுநர் டாரா வான்டெர்வீர். கல்லூரிக் காலத்தில் தம்மை இருமுறை வீழ்த்தியவரின் கீழ் அமர்ந்து ஸ்டேலி ஆட்டம் பயின்றார். ஒலிம்பிக்குக்கு முன் 52 ஆட்டம், ஒலிம்பிக்கில் 8 ஆட்டம், ஒன்றிலும் அந்த அணி தோற்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பிரேசிலை 111–87 என வென்று தங்கம் பெற்றது. அந்த வெற்றியின் சூட்டில்தான் அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக்குகள் முளைத்தன. ஒன்று இரண்டாண்டிலேயே மூடப்பட்டது. மற்றொன்றான டபிள்யூ.என்.பி.ஏ. இன்றும் நடக்கிறது, அதில் 1999 முதல் 2006 வரை ஷார்லட், ஹியூஸ்டன் அணிகளுக்கு ஆடினார். 2000, 2004 ஒலிம்பிக்கிலும் தங்கம். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் இவரே.

இனித்தான் நான் சொல்ல வந்த பகுதி.

2000ஆம் ஆண்டில், ஆடும் காலம் முடியாத நிலையிலேயே, சொந்த ஊரான பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுநராக வர அழைத்தது. பயிற்றுநராகும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். இருந்தும் ஏற்றார். கல்லூரிப் போட்டிகள் குளிர்காலத்தில். தொழில்முறை லீக் கோடையில். குளிர்காலத்தில் களத்தின் ஓரம் நின்று கட்டளை இடுவார். கோடையில் தாமே களத்தில் இறங்கி இன்னொரு பயிற்றுநரின் கட்டளைக்குப் பணிவார். ஆறாண்டுகள் இப்படி. நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் சிலரேனும் அடையாத ஒரு நன்மை இதில் உண்டு: காலையில் திட்டு வாங்கியவருக்குத்தான் மாலையில் எவ்வளவு திட்டலாம் என்பது தெரியும்.

டெம்பிள் அணி எட்டு ஆண்டுகளில் 172 ஆட்டங்கள் வென்றது, 80 தோற்றது. 2008இல் அவர் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவருடைய தாயாரின் பூர்வீக மாநிலம் அது. வெற்றி தேடிப் போனவருக்கு முதலாண்டில் கிடைத்தது 10 வெற்றி, 18 தோல்வி. அடுத்த ஆண்டும் வெற்றியைவிடத் தோல்வி ஒன்று கூடுதல். ஒலிம்பிக் தங்கம் மூன்று வைத்திருப்பவர், வெறிச்சோடிய இருக்கைகளுக்கு முன்னால் நின்று பொறுமையாக அணியைக் கட்டினார்.

கல்லூரிப் பயிற்றுநரின் வேலையில் பாதி களத்துக்கு வெளியே நடப்பது. பள்ளியில் நன்றாக ஆடும் பெண்களைக் கண்டறிந்து, அவர்கள் வீட்டுக்கே சென்று, தாய்தந்தையரிடம் பேசி, உங்கள் மகளை என்னிடம் நான்காண்டு ஒப்படையுங்கள் என்று கேட்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்தவர் ஏஜா வில்சன். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஊர்ப் பெண். 2017இல் அவரோடு தென் கரோலினா மிசிசிப்பி மாநில அணியை 67–55 என வென்று முதன்முறை கோப்பை பெற்றது. 1991இல் நழுவியது இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, மற்றவர் கைகளால் வந்து சேர்ந்தது. வில்சனின் பாட்டி இளமையில் கறுப்பினத்தவர் என்பதால் அந்த வளாகத்துள் கால்வைக்க இயலாதவர். இன்று அந்தப் பேத்தியின் சிலை அங்கே ஆடரங்கின் முன் நிற்கிறது.

இனி அந்த எண்களுக்கு வருகிறேன். 2021 அரையிறுதி. தென் கரோலினாவுக்கு எதிராக ஸ்டான்போர்டு. அதன் பயிற்றுநர் அதே வான்டெர்வீர். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் கடைசி நொடிகளில் தென் கரோலினாவுக்குப் பந்து கிடைத்தது. முதல் முயற்சி தவறியது. திரும்பி வந்த பந்தை வளையத்தருகே நின்று தட்டினார் அலியா பாஸ்டன் என்ற இளம்பெண். அது விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்தது. 66–65. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே அணி, அதே கட்டம், அதே கணக்கு. பாஸ்டன் தேம்பி அழும் காட்சியைத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டின. இரக்கமற்ற செயல் என்பேன். ஆனால் அந்த ஒரு புள்ளியின் எடை எவ்வளவு என்று தம் தோளில் சுமந்து அறிந்த ஒருவர் அன்று அப்பெண்ணின் பக்கத்திலேயே இருந்தார்.

மறு ஆண்டு, 2022இல், தென் கரோலினா கனெக்டிகட் அணியை 64–49 என வென்றது. அச்சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் பாஸ்டன். 2023இல் ஒரு தோல்வியும் இன்றி வந்து அரையிறுதியில் அயோவாவிடம் வீழ்ந்தார்கள். தொடக்க வரிசை ஐவரும் படிப்பு முடித்துச் சென்றுவிட்டனர். புதிய ஐவரைக் கொண்டு 2024இல் 38 ஆட்டங்களையும் வென்று, இறுதியில் அதே அயோவாவை 87–75 எனத் தோற்கடித்தார் ஸ்டேலி. வென்ற மேடையில் நின்றபடியே, எதிரணியின் கெய்ட்லின் கிளார்க் இந்த விளையாட்டை உயர்த்தியமைக்கு நன்றி கூறினார். தோற்றவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அவர் எங்கே கற்றார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடையே 2021இல், டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகவும் தங்கம் பெற்றிருந்தார்.

வரவு செலவு பாராமல் நம் வீடுகளில் எந்தப் பேச்சும் முடியாது. ஆகவே அதையும் கூறிவிடுகிறேன். 2021இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏழாண்டுகளுக்கு 2 கோடியே 24 லட்சம் டாலர். ஆடவர் அணிப் பயிற்றுநர்க்கு நிகரான மதிப்பு வேண்டும் என்பதில் உறுதியாக நின்று பெற்றது. எல்லாப் பயிற்றுநர்க்கும் இது வாய்க்காது. வாய்க்கும் என்று சொல்லி உங்களை மயக்க மாட்டேன். நம் நாட்டில் பாட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்றுநர் பட்டயப் படிப்பு நடத்துகிறது என்பதையும், அதை முடித்தவர்கள் வேலை தேட வேண்டித்தான் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோப்பை வென்றவர்கள் ஏணியில் ஏறி, வளையத்தில் தொங்கும் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள். அக்கோப்பையை வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்றுநர் கரோலின் பெக், ஆண்டு 1999. அவர் தம் வலையிலிருந்து ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து வைத்தார். 2017இல் ஸ்டேலி வென்றபோது அந்த வரிசையில் இரண்டாமவர் ஆனார். தம் வலையை யாரிடம் தருவது என்று நெடுநாள் யோசித்தார். ஒருவரைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, முதல்நிலைக் கல்லூரி அணிகளில் தலைமைப் பயிற்றுநராக உள்ள கறுப்பினப் பெண்கள் அனைவருக்கும் ஆளுக்கொன்றாக அனுப்பிவைத்தார். எழுபதுக்கு மேற்பட்டோர். விரலளவு நூல்தான்.

இன்று பரிசு பெறுவோரில் மூன்று பெண்கள் தத்தம் பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள் என்று செயலாளர் கூறினார். மூவரும் பத்தாம் வகுப்பாம். அவர்கள் பெற்றோரோடு இரண்டு நிமிடம் பேச விரும்புகிறேன். உணவுக்கூட வாயிலில் நிற்பேன். மணி ஐந்தரை ஆகிறது. பொழுது சாய்வதற்குள் அனைவரும் உண்டாக வேண்டும்.