யந்திரத்துக்குள் ஒளிந்திருப்பவர்கள்

(திருவாமாத்தூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1770ல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் யந்திரம் ஒன்றைக் காட்டினார். துருக்கியன் வேஷம் போட்ட பொம்மை அது. எல்லாரும் வியந்தார்கள். உள்ளே ஒளிந்திருந்து காய் நகர்த்தியவன் ஒரு மனிதன்!

2005ல் அமேசான் கம்பெனி, இணையத்தில் துண்டு வேலை கொடுக்கும் சந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தது: 'மெக்கானிக்கல் டர்க்'. படத்தில் இருப்பது நாயா பூனையா என்று குறிப்பது, ரசீதைப் பார்த்து எழுதுவது போன்ற வேலைகள். கம்ப்யூட்டருக்கு அறிவு வந்துவிட்டது என்கிறார்கள். அந்த அறிவை ஊட்டிய இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பைத் தரம் பிரித்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 2010ல் நியூயார்க் பேராசிரியர் ஒருவர் எடுத்த கணக்கில் 100க்கு 47 பேர் அமெரிக்கர், 34 பேர் இந்தியர். 2014ல் வெளியான மொழிவாரி ஆராய்ச்சியில் தமிழரும் மலையாளிகளும் முன்வரிசையில் நின்றார்கள்.

ஏன்? நமக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பது ஒன்று. பல ஆண்டுகள் அந்தக் கம்பெனி அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் மட்டுமே ரொக்கம் கொடுத்தது. மற்றவருக்குத் தன்னிடமே சாமான் வாங்கும் சீட்டுத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கரும்பும் நெல்லும் குடும்பத்துக்குப் போதவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைக்கு உள்ளூரில் உத்தியோகமும் இல்லை. அமெரிக்கனுக்குச் சில்லறையாகத் தெரியும் டாலர், இங்கே அடுப்பெரிக்கும் பணம். ஆசை இழுத்து வரவில்லை தோழர்களே, இல்லாமை தள்ளி விட்டது.

நமக்குத் தெரிந்த ஒரு பெண். பட்டதாரி. கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவெல்லாம் படங்களுக்குக் குறி போட்டார். விடிந்ததும் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை வந்தது. காரணம் இல்லை, கூலி இல்லை; செய்த வேலை மட்டும் கம்பெனியிடம்! நம்மூர் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்ய எவனும் அஞ்சுவான். முகமே இல்லாத முதலாளியை எந்தப் பாறைக்கு இழுத்து வருவது?

வயலில் கூலி குறைந்தால் பக்கத்து வரப்பில் இருப்பவரிடம் சொல்கிறோம். உணவு கொண்டுபோகும் தோழர்கள் சாலையில் சந்திக்கிறார்கள். 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் இவர்களைப் போன்றோருக்கு நல வாரியம் அமைந்தது. அறைக்குள் தனியே உழைப்பவரை யார் காண்பது? அந்தத் தனிமையே கம்பெனியின் லாபம்.

ஆகவே முதல் காரியம், ஆளைக் கண்டுபிடிப்பது. உங்கள் தெருவில் இரவு முழுவதும் விளக்கெரியும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எத்தனை மணி உழைத்தார், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிராகரிக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். காரணம் சொல்லாமல் கூலியை மறுக்கக் கூடாது என்பதே நமது முதல் கோரிக்கை. யந்திரத்துக்குள் இருப்பவர்கள் வெளியே வரட்டும்!