அட்டைக்குள் எழுதிய பெயர்கள்

(திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பிரச்சினையைப் பற்றித் தலைவர் பேசுவார். நான் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்து வேதப்புத்தகம் இது. பூட்டன் திருநெல்வேலிப் பக்கமிருந்து மாத்தளைத் தோட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது. அவருக்குப் பின் தாத்தா வைத்திருந்தார், இப்போது அத்தை வைத்திருக்கிறார். 1983 ஆடிக் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடிவரும்போது அரிசியை விட்டுவிட்டு இதைத்தான் அத்தை தூக்கி வந்தார். அவர் முன்வரிசையிலேயே இருக்கிறார். நான் பிழையாகச் சொன்னால் இங்கேயே திருத்துவார்.

கோயிலுக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டாம், பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. முன் அட்டைக்குள் இருக்கும் இரண்டு வெற்றுத் தாள்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெள்ளைக்காரர் வீட்டு வேதப்புத்தகங்களில் பிறப்பு, விவாகம், மரணம் என்று தலைப்புப் போட்டே பக்கங்கள் இருந்தன. எங்கள் புத்தகத்தில் அப்படி இல்லை. வெற்றுத் தாளில் உபதேசியாரைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார்கள். பூட்டனுக்கு வாசிக்கத் தெரியும், எழுத வராது.

அந்தக் காலத்தில் நம் ஆட்களின் பெயர் வேறெங்கே எழுதப்பட்டது? இந்தியாவிலிருந்து வந்தவர் கழுத்தில் தொங்கிய தகர வில்லையில், அதாவது டின் டிக்கட்டில், எண்தான் இருந்தது. ‘துண்டு’ என்ற தாளில் எழுதினார்கள். அதில் எழுதியது கடன். அந்தக் கடனைக் கட்டினால்தான் அடுத்த தோட்டம் நம்மை எடுக்கும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். செக்ரோலில் பெயர் இருந்தது, ஆனால் செக்ரோல் துரையின் கந்தோரில் இருந்தது. நம் பெட்டிக்குள் நம் பெயர் இருந்தது இந்த மாதிரிப் புத்தகத்தில்தான், இல்லாவிட்டால் ஜாதகக் கட்டில்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவர், தன் தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். எங்கள் பூட்டன் அக்கரையில் பிறந்தவர். ஆகவே அந்த வழியில் தாத்தாவுக்கு இடமில்லை. ஆனால் தாத்தா இங்கே பிறந்தவர். அதைக் காட்டினால் அவருடைய பிள்ளைகளுக்கு வழியுண்டு. தாத்தா இந்தப் புத்தகத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போனார். உபதேசியார் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? ‘தை மாதம் செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் ஆண்பிள்ளை பிறந்தது.’ எந்தத் தோட்டம் என்றும் இல்லை, எந்த வருடம் என்றும் இல்லை. எழுதிய நாளில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது. 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டபோது எங்கள் குடும்பம் நாடில்லாமல் இருந்தது.

இந்தத் துறைமுக ஊரில் பறங்கிக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களும் கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்தான். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வேதப்புத்தகத்தில் பிறந்த நாளையும் ஞானஸ்நானத்தையும் எழுதி வைத்த வீடுகள் அவர்களிடம் உண்டு. 1908இல் சங்கம் தொடங்கி, சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை அச்சடித்துக்கொண்டே வந்தார்கள். பிறகு அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அங்கே ஐரோப்பிய வம்சத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது, வம்சாவளி கையில் இருந்தவருக்கு வேலை சுலபம். எனக்கு அவர்கள்மேல் பொறாமை இல்லை. எழுதி வைத்தது கெட்டித்தனம்.

தாத்தா அந்தக் கந்தோரிலிருந்து திரும்பி வந்து ஒரு வேலை செய்தார். 1951இல் இரண்டாம் தாளில் ‘மறுபடி எழுதியது’ என்று தலைப்புப் போட்டு, தன் பிள்ளைகள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராக எழுதினார். தோட்டம், டிவிசன், லய இலக்கம், இங்கிலீஷ் திகதி, ஞானஸ்நானம் கொடுத்த கோயில் எல்லாம் இருக்கின்றன. இறந்துபோன ஒரு பெண்பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. அதற்கும் ஒரு வரி இருக்கிறது, பக்கத்தில் ஒரு சிலுவை. இந்த வரியை அத்தை ஒருநாளும் சத்தமாக வாசித்ததில்லை.

அந்தத் தாள் அத்தைக்கே உதவியது. செக்ரோலில் அத்தை பிறந்தது 1950. பெண்களுக்கு ஐம்பது வயதில் ஊழியர் சேமலாப நிதி எடுக்கலாம். அத்தை 2000 வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் போனார். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். 1950ஐத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்போதுதான் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். தாத்தா எழுதியிருந்தது 1946! நாலு வருடத்துக்கு முன்பே அந்தப் பணம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். கோயில் பதிவேட்டில் அதே திகதி இருந்தது. அதைக் காட்டி 1946ஐத் தேடச் சொன்னோம். தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு பதிவு கிடைத்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வேதப்புத்தகத்தில் எழுதியதைப் பதிவாளர் சான்றிதழாக எடுக்க மாட்டார். எந்த வருடத்தில், எந்தத் தோட்டத்தின் பெயரில் தேடுவது என்று அது காட்டிக்கொடுக்கும். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஞானஸ்நானச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ், ஜாதகம் போன்றவை துணை நிற்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அந்தத் திகதிக்கு முன் நம் ஆட்கள் எந்த லயத்தில் இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய தாள் எதுவானாலும் எறியாதீர்கள்.

வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றிரவே கேளுங்கள். கொப்பியில் எழுதினாலும் போதும். பேனையால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் போடுங்கள். தோட்டங்கள் பெயர் மாறுகின்றன. ‘சின்னவள்’, ‘ராசா’ என்று கூப்பிடும் பெயரோடு நிறுத்தாமல் பதிவுப் பெயரையும் எழுதுங்கள். யார் சொன்னது, யார் எழுதியது என்று கீழே போடுங்கள். பழைய தாளை லெமினேட் செய்ய வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளைக் காரியாலயத்தில் நானும் இரண்டு பிள்ளைகளும் இருப்போம். பழைய புத்தகம், ஜாதகம், துண்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், படம் எடுத்துத் தருகிறோம். அசலை எங்களிடம் விட்டுப் போகாதீர்கள். அத்தையும் இந்தப் புத்தகத்தை இன்று ஒரு மணித்தியாலத்துக்குத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறார். நேரமாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.