ஏலக்காய்ச் சந்தையும் ஆய்வுமுறைக் கல்வியும்

(குமுளியில் முதுநிலை வணிக மேலாண்மை மாணவர்களிடையே ஆற்றிய உரை)



வணிக மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற விழைவோர் ஆய்வு முறையியலைப் பாடமாகப் பயில்கின்றனர். கருதுகோள், மாதிரி, வினாப்பட்டியல், சராசரி ஆகியவற்றுக்கு இலக்கணம் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயினும் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேளையில், நூறு வினாப்பட்டியல்களை அச்சிட்டு, எளிதில் கிடைத்தவர்களிடம் நிரப்பி வாங்குவதே ஆய்வு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. முறையியலை ஓர் ஊரோடும் ஒரு பொருளோடும் இணைத்துக் கற்றால்தான் இக்குறை நீங்கும்.

குமுளி அதற்கு ஏற்ற இடமாகும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் இங்கே சந்திக்கின்றன. ஏலத்தோட்டங்கள் மலையின்மீது, அவற்றில் வேலை செய்வோர் பலர் நாள்தோறும் அடிவாரத்திலிருந்து ஜீப்புகளில் வருகின்றனர். விளைந்த காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்கு வருகிறது. இவ்வேலங்கள் 2007ஆம் ஆண்டில் மின்னணு முறைக்கு மாறத் தொடங்கின.

இங்கே ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம்: ஏலக்காய்க்கு விவசாயி பெறும் விலை என்ன?

ஏல விலையை நறுமணப் பொருள் வாரியம் வெளியிடுகிறது. அதை எடுத்து எழுதினால் போதும் என உங்களுக்குத் தோன்றலாம். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ ஒன்று 7,000 ரூபாய்க்கு விலைபோனது. நாளிதழ்கள் அதைத் தலைப்பாக்கின. ஆனால் அது அன்றைய உச்ச விலை. அன்று விற்ற சரக்கு முழுவதற்கும் கிடைத்த விலையன்று. சராசரியிலும் கவனம் தேவை. சான்றாக, 100 கிலோ சரக்கு கிலோ 2,000 ரூபாய்க்கும், 900 கிலோ 1,000 ரூபாய்க்கும் விற்றதாகக் கொள்வோம். இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1,500 கிடைக்கும். அளவுக்கேற்ப எடையிட்டுக் கணக்கிட்டால் 1,100தான்.

அடுத்து, ஏலத்துக்கு வரும் சரக்கு யாருடையது? சிறு விவசாயிகள் பலர் தம் காயை உள்ளூர் வணிகரிடமே விற்றுவிடுகின்றனர். பச்சைக் காயாகவே விற்போரும் உண்டு. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். உலர்த்தும் ஸ்டோருக்கும் விறகுக்கும் செலவு வேறு. மேலும், வணிகர்கள் ஏலத்தில் வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்துக்கு வைப்பதுண்டு. அப்போது ஒரே காய் இரு முறை வரத்துக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே, ஒரு புள்ளிவிவரத்தைப் பயன்படுத்துமுன் அது எவ்வாறு பிறந்தது என்பதை அறிதல் ஆய்வாளனின் முதற்கடமை.

இனி மாதிரியைக் கருதுவோம். ஏல மையத்தின் வாயிலில் நின்று ஐம்பது விவசாயிகளைச் சந்தித்தால், அங்கே வராத விவசாயி உங்கள் கணக்கில் வரவே மாட்டார். விலை வீழும்போது முதலில் கடனாளியாகிறவர் பெரும்பாலும் அவரே. சாலையோரத் தோட்டங்களை மட்டும் பார்த்தால் உட்புறத் தோட்டங்கள் விடுபடும். எனவே பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தேடியோ தொகுத்தோ, அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலமும் மாதிரியில் அடங்கும். காய் பல சுற்றுகளாக எடுக்கப்படுவதால், ஒரே மாதத்தில் சேர்த்த விவரம் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. 2018ஆம் ஆண்டு வெள்ளமும் நிலச்சரிவும் இடுக்கியைத் தாக்கின. அத்தகைய ஆண்டை இயல்பான ஆண்டாகக் கொள்ளுதலும் தவறாகும்.

கேள்வி கேட்கும் சூழலும் விடையை மாற்றுகிறது. கங்காணியின் முன்னிலையில் கூலியைப் பற்றிக் கேட்டால் தொழிலாளி என்ன சொல்ல இயலும்? தமிழிலும் மலையாளத்திலும் வினாக்கள் ஒரே பொருள் தருகின்றனவா என்று சோதித்தல் வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வந்து உழைப்போருக்கு அவர்தம் மொழி அறிந்தவர் துணை வேண்டும்.

இவற்றுக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916ஆம் ஆண்டில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் திரட்டச் செய்தார். அவர் தொகுத்த நூல் 1918இல் வெளிவந்தது. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு போன்ற அக்கிராமங்கள் 1930களில் மீண்டும் ஆராயப்பட்டன. அதன் பின்னரும் ஆய்வாளர்கள் அங்கே சென்றனர். முதலில் சென்ற மாணவர்கள் கண்டதை ஒழுங்காகப் பதிந்து வைத்ததனாலேயே பின்வந்தோர் மாற்றத்தை அளக்க முடிந்தது.

பேராசிரியர் மகலனோபிஸ் 1937 முதல் வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிட்டபோது, முதலில் சிறிய முன்னோடி ஆய்வுகளை நடத்தினார். ஒரே பகுதியில் தனித்தனிக் குழுக்களைக் கொண்டு விவரம் திரட்டி, முடிவுகளை ஒப்பிடும் முறையையும் வகுத்தார். நீங்களும் இதைச் செய்யலாம். பத்து வீடுகளில் வினாப்பட்டியலைச் சோதித்துத் திருத்துங்கள். இரு குழுக்களாகப் பிரிந்து செல்லுங்கள். முடிவுகள் பெரிதும் வேறுபட்டால் குறை எங்கே என்று தேடுங்கள்.

நண்பர்களே, நாளை நீங்கள் வங்கியிலோ நிறுவனத்திலோ அரசுத்துறையிலோ முடிவெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். உச்ச விலையை விவசாயியின் வருமானமாகக் காட்டும் அறிக்கை ஒன்றை நம்பினால், கடன் தவணையை நீட்டிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்வீர்கள். அதன் சுமை ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின்மீது விழும். நாள் முழுதும் காய் எடுத்துக் களைத்த பெண் உங்களுக்காக அரைமணி நேரம் செலவிட்டு விடை சொல்கிறார். அவர் பெயரை வெளியிடாது காப்பதும், சொன்னதைச் சொன்னவாறே பதிவதும், கண்டறிந்ததை இவ்வூர் மக்களின் மொழியில் அவர்களுக்கே எடுத்துரைப்பதும் ஆய்வு முறையியலின் பகுதிகளே. அவற்றையும் கற்றுச் செல்லுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.