வட்டுப் போரும் வழக்காற்றுப் பதிவுகளும்



காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு மேலே வந்தவர்களில் சிலருக்கு இன்னும் தலைச்சுற்றல் அடங்கியிருக்காது. ஆகவே நன்றி சொல்வதை நன்றியுரைக்கே விட்டுவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன். மலைமக்களின் பாட்டு, ஆட்டம், சடங்கு இவற்றின் ஒலி ஒளிப் பதிவுகளை எப்படிக் காப்பது என்று பேசக் கூடியிருக்கிறோம். தலைமையுரைக்கு நான் எடுத்துக்கொண்டதோ புளூ-ரே, எச்டி டிவிடி என்ற இரண்டு வட்டுகளின் சண்டை. கொல்லிமலைச் சேர்வையாட்டத்துக்கும் டோக்கியோ கம்பெனிகளின் சண்டைக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் புருவங்கள் உயர்வது தெரிகிறது. உறவு இதுதான். நம் பதிவுகள் எந்தப் பொருளில் கிடக்கின்றன, அவற்றை ஓட்டும் கருவி எத்தனை காலம் கடையில் கிடைக்கும் என்பதை ஆய்வாளர்களாகிய நாம் ஒருபோதும் முடிவு செய்ததில்லை. வேறு யாரோ வேறு எதற்காகவோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை இந்தச் சண்டையில் பட்டவர்த்தனமாகப் பார்க்கலாம்.

2002 பிப்ரவரி 19 அன்று சோனி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து புளூ-ரேயை அறிவித்தன. அதே ஆண்டில் டோஷிபாவும் என்இசியும் எதிரணி கட்டின. அவர்களுடைய வடிவத்தை டிவிடி மன்றம் ஏற்று எச்டி டிவிடி என்று பெயர் வைத்தது. இரண்டுக்கும் உயிர் ஒன்றே: 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா லேசர். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் கதிர், டிவிடியைப் படிப்பது 650. அலைநீளம் குறையக் குறையக் கதிரை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். புள்ளி சிறுத்தால் அதே 12 சென்டிமீட்டர் வட்டில் கூடுதலாக எழுதலாம். படத்தைச் சுருக்கும் முறைகளும் இரண்டு வட்டுக்கும் பொதுவானவைதாம். திரையில் ஓடும் படத்தைப் பார்த்து இது எந்த வட்டு என்று சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் சண்டை எதற்கு? அரை மில்லிமீட்டருக்கு. புளூ-ரேயில் தகவல் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது; எச்டி டிவிடியில், பழைய டிவிடியைப் போலவே, 0.6 மில்லிமீட்டரில். மேல் மூடி மெலிந்தால் கதிரை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடியும். அதனால் புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபி கொள்ளும், எச்டி டிவிடியில் 15 ஜிபிதான். ஆனால் 0.1 மில்லிமீட்டர் மூடி என்றால் சின்னக் கீறலே வட்டைக் கெடுத்துவிடும். அதற்கென்று தனியாகக் கடினப் பூச்சு வேண்டியிருந்தது. வட்டு அடிக்கும் இயந்திரங்களையும் புதிதாக வாங்க வேண்டும். எச்டி டிவிடியையோ இருக்கிற டிவிடி ஆலையிலேயே சிறு மாற்றங்களோடு அடித்துவிடலாம். ஒருவர் கொள்ளளவைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் செலவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. காப்புரிமைப் பணம் யார் பைக்குப் போகும் என்ற கேள்வியும் அடியில் ஓடியது.

1995இல் இதேபோல ஒரு சண்டை மூண்டது. சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், டோஷிபாவும் டைம் வார்னரும் மறுபக்கம். ஐபிஎம் முதலிய கணினி நிறுவனங்கள் ஒரே வடிவத்தோடு வந்தால்தான் வாங்குவோம் என்று அதட்டியதால் இரு தரப்பும் இறங்கி வந்தார்கள். நமக்கு டிவிடி கிடைத்தது. 2005இலும் சமரசப் பேச்சு நடந்தது. ஆனால் அதட்ட வேண்டிய கணினி நிறுவனங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. மைக்ரோசாப்ட்டும் இன்டெலும் எச்டி டிவிடி பக்கம். ஆப்பிளும் டெல்லும் புளூ-ரே பக்கம். பேச்சு முறிந்தது.

அடுத்த ஆண்டு இரண்டும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் டோஷிபாவின் கருவி 499 டாலர், சாம்சங்கின் முதல் புளூ-ரே கருவி ஏறத்தாழ 1,000 டாலர். விலையைப் பார்த்தால் டோஷிபா ஜெயித்திருக்க வேண்டும். அங்கேதான் சோனி குறுக்கு வழியில் புகுந்தது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள் புளூ-ரேயை வைத்து, நட்டத்துக்கு விற்றது. துப்பாக்கி விளையாட்டு ஆட வாங்கிய பையன்களின் வீடுகளுக்குள் கேட்காமலே புளூ-ரே நுழைந்துவிட்டது. மறுபக்கம், 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனமும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் இனி எச்டி டிவிடியில் மட்டுமே படம் தருவோம் என்று அறிவித்தன. அதற்காக 15 கோடி டாலர் கைமாறியதாக அப்போது செய்தி வந்தது. 2008 ஜனவரி 4ஆம் தேதி, அதுவரை இரண்டிலும் படம் வெளியிட்டுவந்த வார்னர் நிறுவனம் புளூ-ரேக்குத் தாவியது. பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாகக் கைவிட்டார்கள். பிப்ரவரி 19 அன்று டோஷிபா தோல்வியை அறிவித்தது. புளூ-ரே பிறப்பை அறிவித்த அதே தேதி, சரியாக ஆறு ஆண்டு கழித்து.

நான் சுட்ட விரும்புவது, இந்த முடிவில் எந்த இடத்திலும் எது நீண்ட நாள் நிலைக்கும் என்ற கேள்வி எழவே இல்லை என்பதை. நூலகர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. ஓர் ஒப்பந்தம், ஒரு விளையாட்டுப் பெட்டி, சில கடைச் சங்கிலிகள். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? இந்தப் போர் இங்கே நடக்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எண்பதுகளில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நம்முடையது. பீட்டாமேக்ஸ் நாடாவா விஎச்எஸ் நாடாவா என்று நம்மை யாரும் கேட்கவில்லை, கடைக்காரர் கொடுத்ததை ஓட்டினோம். பிறகு விசிடி வந்தது. ஒரு வட்டில் 74 நிமிடம், ஒரு படத்துக்கு இரண்டோ மூன்றோ வட்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சீந்துவாரற்றுப் போன அந்த வடிவம் ஆசியாவில் வீடு வீடாகப் போனது. திருட்டு விசிடி பெருகி, 2004இல் வீடியோ திருடர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது தமிழக அரசு.

சட்டத்தைவிட விலைதான் அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு. வெற்று வட்டுகள் செய்துவந்த மோசர் பேர் நிறுவனம் படங்களின் உரிமையை வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று சந்தையில் கொட்டியது. டோஷிபாவும் சோனியும் உச்சத்தில் மோதிக்கொண்டிருந்த நேரம் அது. 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். அந்தப் பணத்துக்கு இங்கே ஆயிரத்துக்கு மேல் டிவிடி வாங்கலாம். நம் ஊர்ச் சந்தை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வல்லுநர் தேவையில்லை. அந்த மோசர் பேரும் நிலைக்கவில்லை. 2018இல் கலைப்புக்குப் போனது. 2015இல் இயக்குநர் சேரன் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’யைத் திரையரங்கைத் தாண்டி நேரடியாக வட்டில் விற்றுப் பார்த்தார். துணிச்சலான முயற்சி, வட்டின் காலமே முடிந்துகொண்டிருந்ததால் பிடிக்கவில்லை.

புளூ-ரே ஜெயித்ததில் தமிழர்களுக்கு ஒரு தனி இடைஞ்சலும் உண்டு. எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது, புளூ-ரேக்கு உண்டு. சென்னையும் யாழ்ப்பாணமும் ‘சி’ மண்டலம், கோலாலம்பூர், சிங்கப்பூர், டொரண்டோ ‘ஏ’, லண்டன் ‘பி’. பூட்டுப் போட்டு வெளியிட்ட வட்டை அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பினால் தங்கை மலேசியாவில் பார்க்க முடியாது. தமிழ்ப் பதிப்பாளர்கள் பூட்டைப் போடாமல் விட்டால்தான் உண்டு.

ஆக, நம் ஆய்வாளர்கள் பதிவு செய்தவை எங்கே போய்ச் சேர்ந்தன? மலிவான வட்டுக்கு. ஆடிப் பதினெட்டில் இந்த மலையின் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழா, கோயில் திருவிழாக்கள், கிழவிகளின் தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பத்து ரூபாய் எழுது வட்டில் ஏறி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதப்பட்டு, துறை அலமாரிக்குள் போயின. ஆலையில் அச்சடித்த வட்டில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கும். நாம் வீட்டில் எழுதும் சிடியிலும் டிவிடியிலும் அது ஒரு சாயப் பூச்சின் மேல் நிற்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. இந்த மலையின் பனிமூட்டத்தைப் பார்த்தீர்கள். விஎச்எஸ் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படருவது உங்களில் பலர் கண்டதுதான். சிடியையும் பூஞ்சை விட்டுவைப்பதில்லை. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை தின்றிருந்ததை 2001இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வட்டு பிழைத்தாலும் கருவி பிழைக்க வேண்டும். பெரும்பாலான புதிய மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே இல்லை. சாம்சங் 2019இல் அமெரிக்காவில் புதிய புளூ-ரே கருவிகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனியே நிறுத்திவிட்டது. ஜெயித்தவர் கதையே இது. என் அலமாரியிலும் மினிடிவி (MiniDV) கேமரா நாடாக்கள் இருக்கின்றன. ஓட்டும் கேமராதான் இல்லை.

இந்த மலையை ஆண்ட ஓரியும் காரி என்ற மன்னனும் மோதினார்கள், ஓரி மாண்டான், கொல்லிமலை கடைசியில் சேர மன்னன் கைக்குப் போனது என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இரண்டு வட்டும் மோதி, இணையவழிப் படம் நாட்டைப் பிடித்ததற்கு இதை உவமையாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மலை சேரனிடம் போனாலும் மலை இங்கேயேதான் இருந்தது. இணையத்தில் ஏற்றிய பதிவு நாளை இருக்கும் என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. யூடியூபில் போட்டுவிட்டேன், பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

வழி இந்த மலையிலேயே இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் இங்கே தொம்பை என்ற தானியக் குதிரில் போட்டுப் பூட்டியதால் மட்டும் பிழைத்துவரவில்லை. பருவந்தோறும் விதைத்து, அறுத்து, புது விதையை எடுத்துவைத்ததால் பிழைத்தன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஊர்மக்களோடு சேர்ந்து அமைத்த விதை வங்கிகளும் அந்த நடைமுறையில்தான் இயங்குகின்றன: வாங்கியவர் விதைத்துத் திருப்பித் தர வேண்டும். பதிவுக்கும் அதுதான் முறை. சாகாத வட்டைத் தேடி அலைவது வீண் வேலை. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுவது, எந்த ஒரு கம்பெனியின் பூட்டும் இல்லாத கோப்பு வடிவத்தில் வைப்பது, மூன்று இடத்திலாவது பிரதி வைப்பது. அதில் ஒரு பிரதி பதிவு எடுத்த ஊரிலேயே இருக்க வேண்டும். பாடியவரின் பேத்தி அதைக் கேட்கச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய நிலை நம் துறைக்கு வெட்கக்கேடு.

இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சான்று இப்போது எந்த ஊடகத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது பிரதி எடுத்தீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கொல்லிமலையில் எடுத்த பதிவு எதுவாயினும், கீழே இறங்கும் முன் ஒரு பிரதியை இந்த ஊர் நூலகத்திலும் ஒரு பிரதியைப் பள்ளியிலும் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.