பாவா வழியில் இப்னு பதூதா

தேய்பிறை அஷ்டமி வந்தால் நல்லம்பள்ளிப் பக்கத்து ஜனம் அதியமான்கோட்டை காலபைரவரைப் பார்க்கக் கிளம்பிவிடும். திரும்பி வந்து வீட்டில் பேசுவது என்ன? சாமியைப் பற்றிக் கொஞ்சம். வரிசை, வெயில், பஸ் பற்றி நிறைய. இதை ஒளிக்காமல் எழுதவைத்த யாத்திரிகர் இப்னு பதூதா.

மொராக்கோவின் தாஞ்சியரில் 1304-இல் பிறந்தவர். 1325-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் ஊர் திரும்பக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்பவர் எழுதி 1355-இல் முடித்த நூல்தான் 'ரிஹ்லா'.

அதில் மக்கா, மதீனா பகுதிகள் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. பல பத்திகள், அவருக்கு முன்பே 1183-இல் ஹஜ் கிளம்பிய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை. 1344-இல் இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறிய கதையோ அவருடைய சொந்தக் கால்வலி.

புத்தளத்தில் வரவேற்றவர் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீகம் தெரியும். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, மலையுச்சிப் பாறையில் பதிந்த ஆதமின் பாதத்தைப் பார்த்தால் போதும் என்றாராம். பல்லக்கு கிடைத்தது, துணைக்கு 4 யோகிகள், 3 பிராமணர்கள், மூட்டை தூக்க 15 பேர்.

காட்டில் அட்டை. ஆள் நெருங்கினால் தாவி ஒட்டிக்கொள்ளும். கையோடு கொண்டுபோன எலுமிச்சையைப் பிழிந்தால் விழும். மேலே பாறையில் 10 சங்கிலிகள். பத்தாவது, கலிமாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்த்தால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்லும். அடிக்கணக்கே இல்லாமல் மலையின் உயரம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

வழி இரண்டு. பாவா (ஆதம்) வழி கடினம், மாமா (ஏவாள்) வழி சுலபம். மாமா வழியில் ஏறினவன் யாத்திரை செய்ததாகவே கணக்கில்லை. பழனியில் விஞ்சில் போகிறவர்களைப் படியேறுகிறவர்கள் பார்க்கிற பார்வை அன்றைக்கே இருந்திருக்கிறது!

குறையும் உண்டு. பாதத்தின் பெருவிரலைச் சீனர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதையும், கண்ணால் கண்ட அதே குரலில் சொல்லிவிடுகிறார். ஆனால் பாதத்தைச் சுற்றி 9 குழிகள், அதில் பக்தர்கள் போடும் பொன்னையும் மாணிக்கத்தையும் அள்ள பக்கீர்கள் முந்தி ஓடுவது, தாம் போனபோது மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வழிகாட்டிக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் விடாமல் பதிவு செய்கிறார். பக்திக்காக எழுதுகிற வேறொருவர் இந்த ஓட்டத்தைக் கண்டும் காணாமல் விட்டிருப்பார்.

இலங்கையிலிருந்து கிளம்பிய கப்பல் நம் சோழமண்டலக் கரையருகே உடைந்து, அவர் மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்தார். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு உரை வேண்டும்.