கோட்டில் எழுதும் மொழி



மொழி என்றதும் ஒலியையும் எழுத்தையும் நினைப்பது நம் வழக்கம். பெட்டியும் கோடும் அம்புக்குறியும் கொண்டு எழுதப்படும் மொழியும் உண்டு. மென்பொருள் அமைப்போர், அதைக் கட்டத் தொடங்குமுன் தம் எண்ணத்தை அம்மொழியில் வரைந்து பார்க்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் இத்தகைய குறியீட்டு முறைகள் பலவாகப் பெருகிக் கிடந்தன. ஒரு முறையில் வரைந்ததை மற்றொரு முறை பயின்றவர் படிக்க இடர்ப்பட்டார். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன் என்னும் மூவர் தத்தம் முறைகளை ஒன்றிணைத்தனர். 'ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி' எனப்படும் யூ.எம்.எல். 1997இல் பொதுத்தரமாக ஏற்கப்பெற்றது.

இம்மொழியின் அடிப்படை, பொருள். ஒத்த பொருள்களின் பொதுவடிவம் வகுப்பு. அதனை மூன்று அறைகள் கொண்ட பெட்டியாக வரைவர். மேலறையில் பெயர், நடுவறையில் பண்புகள், கீழறையில் செயல்கள். பொருட்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர் எனப் பயின்ற தமிழர்க்கு இப்பகுப்பு அயலன்று. ஒரு வகுப்பின் பண்புகளை மற்றொன்று மரபுரிமையாகப் பெற்றுத் தனக்குரியதைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. முனையில் வெற்று முக்கோணம் கொண்ட கோடு அவ்வுறவைக் காட்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போதும், முன்னதன் அறிவோடு புதியதொன்று கூடுகிறது. இரண்டும் ஒன்றே என்பது மிகை. அடுக்கிக் காணும் நோக்கு இரண்டிலும் உண்டு.

இனி வடசென்னைக்கு வருவோம். 2001இல் இயங்கத் தொடங்கி, 2014இல் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகம் இங்குள்ளது. அத்தகைய துறைமுகம் ஒன்றின் வாயிலுக்கு மென்பொருள் வரைவதாகக் கொள்வோம். கப்பல், கண்டெய்னர், லாரி ஆகியவை வகுப்புகள். எண்ணும் எடையும் கண்டெய்னரின் பண்புகள். ஓட்டுநர் எங்கே? பயன்பாட்டுப் படத்தில், அமைப்பைக் குறிக்கும் கட்டத்துக்கு வெளியே குச்சி மனிதராக நிற்பார். அவருக்கு வேண்டியவை கட்டத்தினுள் நீள்வட்டங்களாக இடம்பெறும். சீட்டுக் காட்டுவதற்கு ஒரு வட்டம் வரைந்தவர், காத்திருப்பதற்கு வரைய மறந்தால் என்னாகும்?

எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நின்ற இரவுகளை இவ்வூரார் அறிவர். லாரியின் நிலைப்படத்தில் 'வாயிலுக்கு வெளியே நிற்கிறது' என்றொரு நிலை இல்லையேல், எத்தனை மணி நேரம் நின்றது என்பதை அம்மென்பொருள் பதியாது. ஓட்டுநரின் உறக்கமும் உணவும் எவர் கணக்கிலும் ஏறா. பிழை கணிப்பொறியினுடையதன்று, வரைந்த கையினுடையது.

கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலை வகுத்த நம் முன்னோர், மீனையும் உப்பையும் கருப்பொருளாக்கியதோடு நிற்கவில்லை. காத்திருப்பவரின் இரங்கலை அந்நிலத்தின் உரிப்பொருளாக வைத்தனர். அதே கடற்கரையில் இன்று கோடு வரைவோர்க்கு அவ்வரைவு பாடமாகட்டும். அதனை அவர்க்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு இங்குள்ள கவிஞர்களுடையது.